ஐந்தாவது வரிசை மரங்கள்

அம்பாரோவின் தோப்பில் அத்தனை மரங்களும் ஒரே நாளில் மகரந்தம் உதிர்த்தன. அதைப் பார்த்து அவள் கைதட்டிச் சிரித்தாள். என் கணவன் நிக்கனோர் தொப்பியைக் கழற்றி, ஒரு நிமிடம் கையில் வைத்திருந்து, மறுபடி போட்டுக்கொண்டான். வேறொன்றும் செய்யவில்லை. பதினேழு வருடம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். ஏதோ பெரிய தப்பு நடந்திருக்கிறது.

ஏப்ரல் மூன்றாவது வாரம். காலை பத்து மணிக்கு மலையிடுக்கிலிருந்து காற்று இறங்கியதும், பெக்கான் கொட்டை மரங்களில் கொத்துக்கொத்தாகத் தொங்கிய பூச்சரங்கள் ஒருசேர ஆடின. புகை மாதிரி மஞ்சள் கிளம்பியது. அம்பாரோவின் கறுப்பு வண்டி பத்தே நிமிடத்தில் சோளமாவில் புரட்டி எடுத்ததுபோல் ஆகிவிட்டது.

"பாத்தீங்களா கொம்பாத்ரே! போன வருஷம் இதுல பாதிகூட இல்ல. இவ்வளவு தூள் பறந்தா ஒரு பூவாவது தப்புமா?" என்றாள் அம்பாரோ.

"நெறையத்தான் பறக்குது" என்றான் நிக்கனோர்.

அம்பாரோவின் மகள் லூசெரோவுக்கு நாங்கள்தான் ஞானப்பெற்றோர். அதனால் அவளுக்கு அவன் கொம்பாத்ரே, நான் கொமாத்ரே. எங்கள் பக்கம் அந்த உறவு கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. எத்தனை வருடம் பழகினாலும் ஒருவரை ஒருவர் 'நீங்க' என்றுதான் பேசுவோம். கொமாத்ரேயிடம் பொய் சொன்னவளைப் பற்றி ஊர் எப்படிப் பேசும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானே அப்படிப் பலரைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

நிக்கனோர் நேராக ஐந்தாவது வரிசைக்குப் போனான். ஒரு பூச்சரத்தைக் கிள்ளி உள்ளங்கையில் தட்டினான். கை மஞ்சளானது. அடுத்த மரத்துக்குப் போனான். அங்கேயும் மஞ்சள். பத்தாவது வரிசை, பதினைந்தாவது வரிசை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

பெக்கானில் ஒரே மரத்தில் ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே சமயத்தில் பக்குவப்படாது. வெஸ்டர்ன் ரக மரம் முதலில் மகரந்தத்தைக் கொட்டிவிடும். அதன் பெண் பூக்கள் பிந்தித்தான் கண் திறக்கும், அதற்குள் சொந்தத் தூள் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். விச்சிட்டா ரகம் நேர் எதிர். அதில் பெண் பூ முந்தும், தூள் பிந்தும். இரண்டையும் கலந்து வைத்தால் ஒன்றின் தூள் மற்றொன்றுக்கு ஆகும், காற்று கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆகவேதான் அம்பாரோவின் பதினாறு வரிசையில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வரிசைகளில் மட்டும் விச்சிட்டா ஒட்டுக் கட்டச் சொல்லியிருந்தார்கள். கட்டியவன் நிக்கனோர். அந்த மூன்று வரிசைகளிலும் இன்றைக்குப் பூச்சரம் பச்சையாக, இறுக மூடிக் கிடந்திருக்க வேண்டும். அது தூள் உதிர்க்கிறது என்றால் அது விச்சிட்டா இல்லை. நானூற்று எண்பது மரமும் வெஸ்டர்ன்தான்.

ஆற்றோரத்துத் தோப்பாக இருந்தால் பரவாயில்லை. அக்கம்பக்கத்துத் தோப்பிலிருந்து தூள் வந்து சேரும். அம்பாரோவின் நிலம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே, ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் புதிதாகத் திருத்திய நிலம். ஏழு கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் வேறு பெக்கான் மரமே கிடையாது.

மத்தியானம் வீட்டில் பீன்ஸும் கோதுமை ரொட்டியும் வைத்தேன். அவன் ரொட்டியைப் பிய்த்தான், வைத்தான்.

"சாப்பிடு நிக்கோ."

"ஃபினா, என் கைதான் ஒட்டுக்குச்சிக் கட்டு ரெண்டையும் மாத்தி எடுத்திருக்குமோ?"

"உன் கையா? நீ கட்டின ஒட்டு எது தப்பியிருக்கு?"

"தப்பலையே. அதான் பயமா இருக்கு. ஒண்ணு ரெண்டு மரம் மாறியிருந்தா தவறுன்னு சொல்லலாம். தொண்ணூறு மரம்! தொண்ணூறும் எப்படிடி மாறும்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். எப்படி மாறியது என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியும். அவள் அப்போது ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு வருடத்துக்கு முன்பு, லூசெரோவுக்கு ஞானஸ்நானம். விருந்து எங்கள் வீட்டில். பன்றிக்கறி வந்து இறங்கிவிட்டது, குளிர்பெட்டியில் இடமில்லை. பிப்ரவரியில் நிக்கனோர் வெட்டி வந்த ஒட்டுக்குச்சிகள் ஈரச் செய்தித்தாளில் சுற்றி உள்ளே இருந்தன. பெரிய கட்டு வெஸ்டர்ன், சிவப்பு நாடா. சின்னக் கட்டு விச்சிட்டா, நீல நாடா. 'ஒரு மணி நேரம்தானே' என்று சின்னக் கட்டை மட்டும் எடுத்துப் பின்கட்டு நிழலில் வைத்தேன். கறியை அடுக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், பக்கத்து வீட்டு ஆடு வாயில் செய்தித்தாள் தொங்க நிற்கிறது. குச்சிகளெல்லாம் மொட்டுப் போய், தோல் உரிந்து, எச்சிலாகக் கிடந்தன.

அந்தக் காலத்து நிக்கனோருக்குக் கோபம் வந்தால் சுவர்கூடக் கேட்கும். அந்தக் குச்சிக்காக அவன் ஆற்றோரத்து புரோக்கோப்பியோ கிழவரிடம் இரண்டு நாள் காத்துக் கிடந்தான். வீடு நிறைய விருந்தாளிகள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. பெரிய கட்டிலிருந்து ஒரு பிடி உருவி, புது ஈரத்தாளில் சுற்றி, நீல நாடாவைக் கட்டி உள்ளே வைத்துவிட்டேன். விருந்து முடியட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் விடியுமுன் அவன் இரண்டு கட்டையும் தூக்கிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டான். ஒரு நாளில் எண்பது ஒட்டு கட்டுகிற வேகத்தில் யார் குச்சியின் முகத்தைப் பார்ப்பார்கள்? ஒட்டெல்லாம் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையிலேயே அவன் எல்லை தாண்டி நியூ மெக்சிகோ தோப்புகளுக்கு வேலைக்குப் போனான். ஏழு வருடமும் கிறிஸ்துமஸுக்குத்தான் வருவான், அப்போது மரத்தில் இலை இருக்காது. போன இலையுதிர் காலத்தில்தான் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினான். நானும் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை.

"சொல்லிடவா கொமாத்ரேகிட்ட?" என்றான் நிக்கனோர்.

"இரு. பூ விரியட்டும், பாத்துக்கலாம்" என்றேன். அது அவனுக்காகச் சொன்னது இல்லை.

மறுநாள் அம்பாரோ தண்ணீர்க் குழாயின் சக்கரத்தைத் தானே திருகிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் இறந்த பிறகு தண்ணீர் பாய்ச்சுகிற வேலையை அவள் தம்பி மக்காரியோ பார்த்தான். போன வருடம் மரங்கள் முதன்முதலாகக் காய்ப்புக் காட்டின, ஜூன் மாதம் ஒரு வாரத்தில் அத்தனை பிஞ்சும் உதிர்ந்தது. தண்ணீர் தப்பியதால்தான் உதிர்ந்தது என்று அவள் முடிவுகட்டினாள். மாதா கோவில் வாசலில், ஊர் பார்க்க, 'குடிச்சிட்டுத் தூங்கினவன்' என்று அவனைத் திட்டித் துரத்திவிட்டாள். அவன் இப்போது ஹிமேனெஸ் நகரத்தில் ஒரு கொட்டை உடைக்கும் ஆலையில் மூட்டை தூக்குகிறான்.

"இந்த வருஷம் சக்கரம் என் கையில இருக்கு கொமாத்ரே. ஒரு முறைகூடத் தவறவிடல. ஜூன்ல ஊர் வந்து பாக்கட்டும், தப்பு மரத்துமேலயா மனுஷன்மேலயான்னு."

"மக்காரியோ நல்லா இருக்கானா?" என்று கேட்டேன்.

"அவன் பேச்சை எடுக்காதீங்க."

சக்கரத்தைத் திருகியதில் அவள் உள்ளங்கை தடித்துப் போயிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். 

மூன்று நாள் நான் தூங்கின மாதிரியே இல்லை. பகலில் தோப்பில் சுற்றினேன். புதுத் தளிர்களின் நுனியில் பெண் பூக்கள் மிளகு அளவுக்கு எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. கீழே தரையெல்லாம் உதிர்ந்த ஆண் பூச்சரங்கள், காய்ந்த கம்பளிப்பூச்சி மாதிரி. தூள் தீர்ந்துகொண்டிருந்தது. பூ விரிகிற நேரத்துக்குக் காற்றில் ஒன்றும் இருக்காது.

நான்காவது நாள் காலையில் நிக்கனோர் வண்டிச் சாவியை எடுத்தான்.

"எங்க போற?"

"புரோக்கோப்பியோ வீட்டுக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அந்தக் கிழவன்தான் மாத்திக் குடுத்திருக்கான். விச்சிட்டான்னு சொல்லி வெஸ்டர்னைக் கட்டிக் குடுத்துட்டான். ரெண்டு நாள் அவன் வாசல்ல நாய் மாதிரி கெடந்தேன். இன்னைக்குச் சட்டையப் புடிச்சுக் கேக்கப் போறேன்."

"நானும் வரேன்."

வண்டி கிளம்பியது. ஆற்றுப் பாலம் தாண்டியது. புரோக்கோப்பியோவின் தோப்பு தெரிந்தது, பெரிய பெரிய மரங்கள். கேட்டுக்கு நூறு அடி இருக்கும்போது, "நிறுத்து நிக்கோ" என்றேன்.

"என்ன?"

"கிழவர் மாத்தல. நான் மாத்தினேன்."

வண்டி நின்றது. சொல்ல வேண்டியது அத்தனையும் சொன்னேன். கறி, பின்கட்டு, ஆடு, நீல நாடா. அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான். கையை ஓங்குவான் என்று நினைக்கவில்லை, ஆனால் கத்துவான் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஆடா?" என்றான் கடைசியில்.

"ஆடு."

"யாரோடது?"

"செல்சோ வீட்டு ஆடு. வெள்ளைக் காது."

"அதை அன்னைக்கே அறுத்துப் போட்டிருப்பேன்." கையைப் புரட்டிப் பார்த்தபடி, "நாலு நாளா என் கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்டி. கத்தி புடிக்கிற கை கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன். நீ பக்கத்துல உக்காந்து ரொட்டி சுட்ட" என்றான்.

 அவன் கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"கொமாத்ரேகிட்ட நீயே சொல்லணும்" என்றான். "நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி இந்தக் கிழவர்கிட்ட வேற ஒரு வேலை இருக்கு."

புரோக்கோப்பியோவுக்கு எண்பது வயது. சட்டையைப் பிடிக்க வந்தவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவர் ஒன்றும் சந்தேகப்படவில்லை. அவருடைய விச்சிட்டா மரங்களில் ஆண் பூச்சரங்கள் இன்னும் மூடித்தான் இருந்தன. நிக்கனோர் ஒன்றை நகத்தால் பிளந்து பார்த்தான்.

"பெரியவரே, ரெண்டு மரத்துச் சரம் வேணும். கிளையோட."

"எதுக்கு? மாலை கட்டவா?"

"மரத்துக்குக் கல்யாணம் பண்ணத்தான். மாப்பிள்ளை வரல."

கிழவர் பல்லில்லாமல் சிரித்தார். "எடுத்துக்கோ. ஆனா இன்னும் நாலஞ்சு நாள் ஆகும் அது வெடிக்க. உன் பொண்ணு அதுவரைக்கும் காத்திருப்பாளா?"

அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை. பெண் பூவின் நுனி பக்குவமாகும்போது நாக்கால் நக்கிய மாதிரி பளபளவென்று ஈரமாக இருக்கும். தூள் விழுந்தால் ஒட்டும். ஐந்தாறு நாள்தான். அனல்காற்று அடித்தால் இரண்டே நாளில் நுனி கருகி மூடிவிடும். பிறகு ஒரு மூட்டைத் தூள் கொட்டினாலும் பிரயோஜனமில்லை.

சாயங்காலம் அம்பாரோ வீட்டுக்குப் போனேன். சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். லூசெரோவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று பயம்.

சொல்லி முடித்தபோது அவள் கை மாவிலேயே இருந்தது.

"அப்ப போன வருஷம் உதிர்ந்தது..."

"தண்ணியால இல்ல கொமாத்ரே. தூள் படாத பிஞ்சு அப்படித்தான் உதிரும்."

"மக்காரியோ தண்ணி விட்டிருக்கான்."

"விட்டிருக்கான்."

"என்கிட்ட சத்தியம் பண்ணான். எங்கம்மா பேர்ல பண்ணான்." அவள் மாவைக் கையிலிருந்து வழித்து வழித்து எடுத்தாள், ஒரு விரல் விடாமல். "கோவில் வாசல்ல, அத்தனை பேர் முன்னாடி என் தம்பியைக் குடிகாரன்னு சொன்னேன். நீங்க அங்க இருந்தீங்க. என் பக்கத்துல நின்னீங்க."

"நின்னேன். ஆனா அப்ப எனக்குத் தெரியாது, காய் உதிர்ந்ததுக்கு இதுதான் காரணம்னு..."

அது உண்மை. ஆனால் எவ்வளவு உண்மை? தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை என்பதுதான் இன்னும் சரி. அவளும் அதைக் கேட்டுக்கொண்டாள் போல.

"நீங்க போங்க செஞ்ஞோரா" என்றாள்.

செஞ்ஞோரா. கடைக்காரியை, முன்பின் தெரியாதவளைக் கூப்பிடுகிற மாதிரி. எட்டு வருடத்தில் அவள் என்னைக் கொமாத்ரே என்று கூப்பிடாத முதல் தடவை. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை.

அடுத்த நாள் நானும் நிக்கனோரும் மட்டும் புரோக்கோப்பியோ தோப்பில் ஏணி வைத்து, கொஞ்சம் மஞ்சள் தட்டத் தொடங்கிய சரங்களாகப் பார்த்துப் பார்த்துக் கிளையோடு வெட்டினோம். அவனும் என்னோடு அதிகம் பேசவில்லை. 'ஏணியைப் பிடி', 'பையைத் தா', அவ்வளவுதான். எங்கள் படுக்கையறையில் கட்டிலைத் தூக்கி வெளியே போட்டு, தரை முழுக்கச் செய்தித்தாள் விரித்து, அதன்மேல் சரங்களைப் பரப்பினோம். மிச்சக் கிளைகளை வாளித் தண்ணீரில் நிறுத்தினோம். சன்னலைச் சாத்தி அறையைச் சூடாக வைத்தோம். சூட்டில் வெடிக்கும் என்று அவன் நியூ மெக்சிகோவில் பார்த்திருக்கிறான். செய்து பார்த்ததில்லை.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் சரங்கள் வாடின, அவ்வளவே. காலையிலும் மத்தியானமும் ஒரு சரத்தை எடுத்துத் தாளில் தட்டிப் பார்ப்பான். வெறும் தாள். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு அம்பாரோ தோப்புக்குப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பெண் பூவைப் பார்த்துவிட்டு வருவான்.

"பளபளங்குது" என்றான் இரண்டாம் நாள். சந்தோஷமாகச் சொல்ல வேண்டிய வார்த்தையை இழவுச் செய்தி மாதிரி சொன்னான்.

"கொமாத்ரே என்ன சொன்னா?"

"வீடு பூட்டிக் கெடக்கு."

வானொலியில் வெள்ளிக்கிழமை பலத்த காற்று என்றார்கள். அன்றைக்குப் புதன். வெட்டியது சீக்கிரமாகிவிட்டதோ, பச்சையிலேயே செத்துவிட்டதோ என்று எனக்குப் பயம். அறைக் கதவுக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக அந்தச் சூடான பச்சை வாசனையை முகர்ந்துகொண்டிருந்தேன்.

வியாழன் காலையில் நிக்கனோர் உள்ளே போனான். போனவன் கூப்பிட்டான். "ஃபினா. மெதுவா வா. மூச்சு விடாத."

தாள் முழுவதும் மஞ்சள்.

என் மெல்லிய நைலான் கால் உறையில் போட்டுச் சலித்தோம். இரண்டு ஜாம் பாட்டில் தேறியது. நானூற்று எண்பது மரத்துக்கு இரண்டு பாட்டில்! வாசனையில்லாத டால்க் பவுடரைக் கலந்து பெருக்கினான் நிக்கனோர். அப்போதும் பாதித் தோப்புக்குக்கூட வருமா என்று சந்தேகம்.

தூளோடு நாங்கள் போனபோது தோப்பு வாசலில் அம்பாரோவின் வண்டி நின்றது. அவள் இறங்கினாள். மறுபக்கக் கதவைத் திறந்து மக்காரியோவும் இறங்கினான். மெலிந்து போயிருந்தான். அவள் அந்த இரண்டு நாளும் ஹிமேனெஸில் இருந்திருக்கிறாள். ஆலைக்குள்ளேயே போய், மூட்டை தூக்குகிற அத்தனை பேர் முன்னாடியும் தம்பியிடம் மன்னிப்புக் கேட்டாளாம். முதல் நாள் அவன் வர முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டான். இரண்டாம் நாளும் போய் நின்றிருக்கிறாள்.

என்னை அவன் ஏற இறங்கப் பார்த்தான்.

"ஆட்டையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. அதுக்குத்தான் ருசி தெரியும்" என்றான்.

நிக்கனோர் இருமினான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கேலியில் சிரிப்பு பாதிதான், மீதி பாதி எனக்குச் சேர வேண்டியது.

"எந்தப் பாதிக்கு அடிக்கிறது?" என்று நிக்கனோர் கேட்டான். அம்பாரோ தம்பியைப் பார்த்தாள்.

மக்காரியோ நிலத்தைக் காலால் எத்தினான். "கீழ்ப் பாதி. மேல மண்ணு கல்லு. காய் நின்னாலும் ஆகஸ்ட்ல தண்ணி புடிக்காது, பருப்பு சொத்தையாப் போகும். கீழ மண்ணுக்கு ஈரம் நிக்கும்." பிறகு அக்காவைப் பார்க்காமலே, "இதைப் போன வருஷமே சொன்னேன்" என்றான்.

"சொன்னே" என்றாள் அம்பாரோ.

மேல் பாதிக்கு, தூள் எடுக்காமல் மிச்சமிருந்த விச்சிட்டாக் கிளைகளைத் தண்ணீர் வாளிகளில் செருகி மரங்களில் கட்டித் தொங்கவிட்டோம். கீழ்ப் பாதிக்கு நாலு நீளக் கழிகள். கழி நுனியில் கால் உறைத் துணி, அதற்குள் தூள். காற்று வரும் பக்கமாக நின்று, மரத்தின் உச்சிக்குக் கழியைத் தூக்கித் தட்ட வேண்டும். தட்டும்போது ஒரு சின்ன மஞ்சள் மூச்சு கிளம்பி இலைகளுக்குள் போகும். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். போய் ஒட்டியதா, வீணாக மலைக்குப் போயிற்றா, தெரியாது. முப்பது மரம் முடிப்பதற்குள் தோள் கழன்றுவிட்டது. மத்தியானம் வரை நிறுத்தாமல் தட்டினோம். அம்பாரோ என் பக்கத்து வரிசையில்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பாதியில் காற்று வந்துவிட்டது. மணலை வாரி அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. வண்டிக்குள் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்து, மரங்கள் வளைந்து வளைந்து நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "நேத்து அடிச்சது ஒட்டியிருக்கும்" என்று நிக்கனோர் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. சனிக்கிழமை பூதக்கண்ணாடியில் பார்த்தபோது பூ நுனிகள் பழுப்பாகியிருந்தன. இனி செய்ய ஒன்றுமில்லை.

பிறகு வந்த ஐந்து வாரம்தான் கொடுமை. பிஞ்சு எல்லா மரத்திலும் ஒரே மாதிரிதான் இருக்கும், தூள் பட்டதும் படாததும். உதிரும்போதுதான் வித்தியாசம் தெரியும். மே மாதக் கடைசியில் மேல் பாதியில் தொடங்கியது. நடக்கும்போது செருப்புக்கடியில் நொறுங்கும். ஒரு மரத்தடியில் குனிந்து எண்ணத் தொடங்கி, இருநூறுக்கு மேல் எண்ணாமல் விட்டுவிட்டேன். மேல் பாதி ஜூன் இரண்டாம் வாரத்துக்குள் ஏறக்குறைய சுத்தமாகிவிட்டது. வாளி தொங்கிய மரங்களைச் சுற்றி மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் நின்றது.

கீழ்ப் பாதிக்குப் போக எனக்குத் தைரியமில்லை. வீட்டிலேயே இருந்தேன். ஒரு நாள் நிக்கனோர் வந்து வாசலில் செருப்பை உதறினான்.

"உதிருதா?" என்றேன்.

"உதிருது."

நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"முழுசும் கேளு. கொத்துக்கு அஞ்சு இருந்த எடத்துல ரெண்டு மூணு நிக்குது. அது நல்லாவே நிக்குது. நாலு மரத்தை உலுக்கிப் பாத்தேன், கழுத்து கெட்டி. காத்து தொடங்கினப்ப அடிச்ச ரெண்டு வரிசை மட்டும் போச்சு." உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். அந்த இரண்டு மாதத்தில் முதல் தடவையாக என் கையைப் பிடித்தான். 

நவம்பரில் உலுக்கியபோது, பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது. பருப்பு நன்றாக நிறைந்திருந்தது. கிணற்றுக்கு வாங்கிய கடனின் அந்த வருடத் தவணையைக் கட்டப் போதுமாக இருந்தது என்று மக்காரியோ சொன்னான். குழாயின் சக்கரம் மறுபடி அவன் கைக்கு வந்துவிட்டது. ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது வரிசைகளை வரும் வசந்தத்தில் கழுத்தோடு வெட்டி, விச்சிட்டா ஒட்டுக் கட்டப் போகிறான் நிக்கனோர். அது பூக்க இன்னும் மூன்று நாலு வருடம். அதுவரை ஒவ்வொரு ஏப்ரலும் எங்களுக்குக் கழிதான், கால் உறைதான். அடுத்த வருடம் புரோக்கோப்பியோ இருப்பாரா, அவர் பிள்ளைகள் தோப்பை வைத்திருப்பார்களா என்று இப்போதே எனக்குக் கவலை.

அம்பாரோ என்னோடு பேசுகிறாள். தேவைக்குப் பேசுகிறாள். செஞ்ஞோரா என்பதை விட்டுவிட்டாள், கொமாத்ரே என்றும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லாமலே பேச எப்படியோ பழகிக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மக்காரியோ வந்தான். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் வெள்ளைத் துணி, லேஸ், ஒரு தாளில் பென்சிலால் எழுதிய அளவுகள். மே மாதம் லூசெரோ முதல் தடவையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. உடுப்பு ஞானத்தாய் தைத்துப் போடுவதுதான் வழக்கம். அம்பாரோ அதை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவாள் என்று நான் பயந்துகொண்டே இருந்தேன், வெளியே சொல்லவில்லை.

"அக்கா என்ன சொன்னா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. இதைக் கொண்டுபோய்க் குடுன்னா." வாசல் வரை போனவன் திரும்பினான். "ஆங், ஒண்ணு சொன்னா. பிள்ளை வேகமா வளருதாம். கீழ மடிப்புல ரெண்டு விரல் விட்டுத் தைக்கச் சொன்னா."

"மூணு விடறேன்னு சொல்லு" என்றேன்.